கிரைண்டருக்குன்னு ஒரு செருப்பு

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கிரைண்டர் சுவிட்சைப் போடணும்.

அவ்வளவுதான். போட்டுட்டு பேப்பர் படிக்கப் போயிரலாம்.

என் வீட்டம்மா ஜெயந்தி மாவு அரைச்சு விக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் பழைய வீட்டுத் தெருவுக்குள்ள ரெண்டு கிலோ, மூணு கிலோன்னுதான் போச்சு. அன்னைக்குத்தான் மொத பெரிய ஆர்டர். தேனி காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடைக்கு எட்டுப் படி அரிசிக்கு தோசை மாவு. லோடு இறக்குற ஆளுக விடியும்போதே சாப்பிட வந்துருவாகளாம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மாவு கடைக்குப் போயிரணும்.

"நேரத்துக்குக் குடுத்தா இனிமே எல்லா நாளும் உங்ககிட்டத்தான் வாங்குவோம்னு சொல்லியிருக்காகங்க"ன்னு ஒரு வாரமா அவளுக்கு வேற பேச்சே இல்ல.

காலையிலேயே எல்லாம் ஊறப்போட்டாச்சு. அண்டா, குண்டான், பொங்கப் பானைன்னு அடுப்படியில கால் வைக்க இடமில்ல. பதினோரு மணிக்கு உளுந்தை அள்ளி கல்லுல போட்டா. நான் சுவிட்சைப் போட்டேன்.

டப்!

பேன் நின்னுச்சு. பிரிட்ஜ் நின்னுச்சு. கிரைண்டர் ஆரம்பிக்கவே இல்ல.

அல்லிநகரத்துல இந்த வீட்டுக்கு நாங்க வந்து அப்ப நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு, வந்ததுக்கப்புறம் கிரைண்டரைப் போடுறது அதுதான் மொத தடவை. புது வயரிங். மெயின் பெட்டிக்குள்ள ட்ரிப்பர்னு ஒண்ணு மாட்டியிருக்காக. கரண்டு எங்கயாவது கசிஞ்சா அது தானா விழுந்து லைனை வெட்டிவிட்டுரும். பழைய வீட்டுல அதெல்லாம் கிடையாது.

"என்னங்க ஆச்சு?"

"ஓவர் லோடு"ன்னேன்.

நான் பள்ளிக்கூடத்துல இயற்பியல் வாத்தியார். வீட்டுல கரண்டு சம்பந்தமா எது நடந்தாலும் உடனே ஒரு காரணம் சொல்லிருவேன். சரியா இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல.

பிரிட்ஜை நிறுத்தினேன். பேன், டிவி, மோட்டார் எல்லாத்தையும் நிறுத்தினேன். ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு மறுபடியும் சுவிட்சைப் போட்டேன்.

டப்!

"ஓவர் லோடுன்னீக. இப்ப என்ன லோடு இருக்கு?"

"பிளக் பாயிண்ட் சரியில்ல"ன்னேன். ஹால்ல இருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்தேன்.

டப்!

மணி பன்னெண்டு. உளுந்து ரொம்ப ஊறுனா கொழகொழன்னு ஆகிரும், மாவு பொங்காது. ஜெயந்தி உளுந்தைக் கையில எடுத்துப் பாத்தா, அப்புறம் என்னைப் பாத்தா. அதுக்கு அவ திட்டியே இருக்கலாம்.

பக்கத்து வீட்டுல ரிட்டையர் ஆன கண்டக்டர் ஒருத்தர் இருக்காரு. காம்பவுண்டு சுவருக்கு மேல வயரைப் போட்டு, "அண்ணே, உங்க வீட்டுல ஒரு கனெக்சன்"னேன். பாவம், நல்ல மனுசன், சொருகிக்கிட்டாரு.

நான் இங்கன சுவிட்சைப் போட்டேன். அங்கன டப்னு கேட்டுச்சு.

"வாத்தியாரே! மேட்ச்ல கடைசி ஓவர்யா! என்னய்யா செஞ்சீரு?"

இந்த இடத்துல அஞ்சாப்புப் பிள்ளைகூட கண்டுபிடிச்சிருக்கும், கோளாறு கிரைண்டர்லதான்னு. ரெண்டு வீட்டு ட்ரிப்பரும் விழுதுன்னா வேற என்ன அர்த்தம்?

நான் கண்டுபிடிச்சது வேற. "ஜெயந்தி, ரெண்டு வீட்டு ட்ரிப்பரும் ஒரே கடையில வாங்கின மட்டமான சரக்கு!"

அப்படி நான் நம்புனதுக்குக் காரணம் இருக்கு. அது என் மாமனார் வீட்டுச் சீர் கிரைண்டர். பன்னெண்டு வருசமா ஒரு நாள் நின்னதில்ல. தொட்டா லேசா சுருக்னு இழுக்கும். அதுக்குன்னு பக்கத்துலயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வீட்டுல யாரு மாவு தள்ளுனாலும் அதைப் போட்டுட்டுத்தான் தள்ளணும். வீட்டுக்குள்ள செருப்பு போடக்கூடாதுன்னு சொல்ற என் மாமியாரே கிரைண்டர்கிட்ட மட்டும், "மாப்ள, செருப்பைப் போட்டுட்டுத் தொடுங்க"ன்னு பாசமா சொல்லுவாக. வீடு மாறும்போது கிரைண்டரோட சேத்து அந்தச் செருப்பையும் பத்திரமா பேக் பண்ணிக் கொண்டாந்தோம்!

இன்னொண்ணும் சொல்லிர்றேன். மின்கடத்தாப் பொருள் பாடம் நடத்தும்போது அந்தச் செருப்பைத்தான் நான் உதாரணமா சொல்லுவேன். பெருமையா வேற.

சரி, ட்ரிப்பர்தானே எதிரி? அதைத் தாண்டி நேரா ஒரு வயரைக் குடுத்துட்டா முடிஞ்சது. வண்டியை எடுத்துக்கிட்டு பஜார்ல எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ரெண்டு மீட்டர் வயர் குடுங்க."

"எதுக்கு சார்?"

"ட்ரிப்பர் விழுந்துக்கிட்டே இருக்கு. அதை பைபாஸ் பண்ணணும்."

அண்ணாச்சி கையில எடுத்த வயரைத் திரும்ப ஆணியில மாட்டிட்டாரு.

"வயர் தர மாட்டேன் சார். ஆள் வேணும்னா தாரேன்"னுட்டு உள்ள பாத்து, "ஏத்தா ராணி!"ன்னு கூப்பிட்டாரு.

அவரு மக. ஐடிஐ முடிச்சு லைசென்ஸ் வாங்கி இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு வயரிங் பண்ற பொண்ணு. என்கிட்ட விலாசத்தைக் கேட்டு, டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு ஸ்கூட்டர்ல எனக்கு முன்னாலயே எங்க வீட்டுக்குப் போய்ச் சேந்துருச்சு.

வந்ததும் ட்ரிப்பர் பக்கமே போகல. கிரைண்டர் பிளக்கைக் கழட்டித் தூக்கிக் காட்டுச்சு.

"சார், மூணாவது பின் எங்க?"

"அது... பழைய வீட்டுல பாயிண்ட்ல ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு."

"அதுக்கு?"

"கட்டிங் பிளேயர்ல வெட்டிட்டேன்."

"அதுதான் சார் எர்த்து. நீங்க என்ன வேலை பாக்குறீக?"

"தமிழ் வாத்தியார்"னுட்டேன்.

"ஏங்க, பிசிக்ஸ்னு சொல்ல வேண்டியதுதானே? என்ன கூச்சம்?"னு ஜெயந்தி உள்ளயிருந்து சத்தமா கேட்டா.

ராணி சிரிக்கல. அதுதான் ரொம்ப வலிச்சுச்சு.

கிரைண்டரைச் சாய்ச்சு அடிப்பக்கத்தைத் திறந்துச்சு. பன்னெண்டு வருசமா கல்லு கழுவுன தண்ணி மோட்டாருக்குள்ள இறங்கியிருக்கு. வயரோட மேல்தோல் வெடிச்சு செம்பு தெரியுது.

"சார், பாடி பூரா கரண்டு. இரும்புக் கால் ஈரத் தரையில நிக்குறதால அது வழியா கசியுது. அதான் ட்ரிப்பர் விழுது. அது அதோட வேலையைச் சரியாத்தான் பாக்குது. நீங்கதான் அதை வேலை செய்ய விடாம அடிக்கிறீக."

"செருப்பு போட்டா ஒண்ணும் செய்யாதே?"ன்னேன். வாத்தியார் புத்தி, லேசுல விடாது.

"செருப்பு நனைஞ்சா? ஒரு கை கிரைண்டர்ல, ஒரு கை தண்ணிக் குழாயில இருந்தா? அக்கா அவசரத்துல செருப்பு போட மறந்தா?"

ஜெயந்தி அப்ப மெதுவா சொன்னா. "நான் முக்கால்வாசி நேரம் போடுறதே இல்லங்க. தள்ளுற அவசரத்துல யாரு செருப்பைத் தேடுறது?"

அன்னைக்கு நான் நெசமாவே பயந்தது அந்த ஒரு நிமிசம்தான். அண்ணாச்சி மட்டும் வயரைக் குடுத்திருந்தா, அதைக் கொண்டாந்து மாட்டியும் இருந்தா, இவ வெறுங்காலோட ஈரத்துல நின்னு எட்டுப் படி அரைச்சிருப்பா. அப்புறம் என்ன ஆயிருக்கும்னு இப்ப எழுதும்போதும் யோசிக்கப் பிடிக்கல.

"இதைக் கடையில குடுத்து மோட்டாரைக் காய வச்சு, புது வயர் போடணும். மூணு நாள் ஆகும்"னுச்சு ராணி.

மணி ஒண்ணேகால். ஜெயந்தி அண்டாவுக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. கண்ணு கலங்கிருச்சு. "மொத ஆர்டருங்க"ன்னா.

நான் எந்தக் கருத்தும் சொல்லல. உளுந்துக் குண்டானைத் தூக்கிக்கிட்டு கண்டக்டர் வீட்டுக்கு நடந்தேன்.

"அண்ணே, உங்க கிரைண்டர் வேணும்."

"அதுக்கென்ன வாத்தியாரே, கொண்டாரும். மேட்சும் தோத்தாச்சு."

ஒரு கிரைண்டர்ல எட்டுப் படி முடியாது. தெருவுல வீடு வீடா கேக்க வேண்டியதாப் போச்சு. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா ராணி சும்மா விடுமா? "நான் பாத்துட்டுத்தான் போடணும்"னு டெஸ்டரோட கூடவே வந்துச்சு.

ரெண்டாவது வீடு. கிரைண்டர் பக்கத்துல ஒரு ஜோடி ரப்பர் செருப்பு!

மூணாவது வீட்டுல செருப்பு இல்ல. மரப்பலகை. "ஏறி நின்னுக்கங்க சார், இழுக்காது"ன்னாக.

நாலாவது வீட்டுல கோணிச்சாக்கை நாலா மடிச்சுப் போட்டிருந்தாக. அந்த வீட்டம்மா, "எங்க கிரைண்டர் நல்ல கிரைண்டர். லேசாத்தான் அடிக்கும்"னு சர்டிபிகேட் குடுத்தாக.

எட்டு வீடு பாத்தோம். ராணி மூணு கிரைண்டரைத்தான் பாஸ் பண்ணுச்சு. பெயிலான வீடு எதுலயும் ட்ரிப்பர் கிடையாது. அந்த வீட்டுக்காரங்களுக்கெல்லாம் என் மேலதான் கோபம். "பதினஞ்சு வருசமா ஓடுது. இவரு வந்தாரு, கெட்டுப் போச்சு"ன்னு என் காதுபடவே பேசினாக. அப்புறம் ஒவ்வொருத்தரா, "ஏத்தா, நாளைக்கு நம்ம வீட்டுக்கும் வந்து பாரு"ன்னு ராணி நம்பரை வாங்கிக்கிட்டாக.

நான் ஈரக் குண்டானை இடுப்புல வச்சுக்கிட்டு மூணு வீட்டுக்கும் நடந்தேன். சட்டை பூரா உளுந்து. எதிர்ல என்கிட்டப் படிக்கிற ரெண்டு பிள்ளைக சைக்கிளை நிறுத்தி, "வணக்கம் சார்"னுச்சுக. தெருமுனை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

அஞ்சரைக்குக் கடைசி ஈடு முடிஞ்சது. ஆறு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போது மாவு டிபன் கடையில இறங்குச்சு. மறுநாள் காலையில கடைக்காரர் போன் பண்ணினாரு. தோசை நல்லா வந்துச்சாம், தினமும் வேணுமாம். ஜெயந்தி போனை வச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. மன்னிச்சுட்டான்னு நெனச்சேன்.

மன்னிக்கத்தான் செஞ்சா. சட்டம் மட்டும் மாறிருச்சு.

இப்ப எங்க வீட்டுல எனக்கு அனுமதி உள்ள மின்சார வேலை ஒண்ணுதான்: செல்போனுக்கு சார்ஜ் போடுறது. அதுவும் கையைத் துடைச்சுட்டு.