தூங்கும் இன்ஜினுக்குத் திருஷ்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதாகோயில் பாதி காலியாக இருக்கும். இல்தெப்ராந்தோவின் முற்றத்தில் நிற்க இடம் கிடைக்காது. இத்தாலியில் மொதேனா நகருக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த முற்றத்துக்குப் பழைய பன்னிரண்டு சிலிண்டர் வண்டிகள் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்ததுபோல் பளபளத்து வந்து நிற்கும். கூடவே உரிமையாளர்கள். பல் மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகள் பலர். எல்லோரும் படித்தவர்கள். பாமரன் கண் படாமலிருக்கப் பவளக் கொம்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுவான். படித்தவன் அதையே தங்கச் சங்கிலியில் போடுவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இல்தெப்ராந்தோ மெக்கானிக் இல்லை. அவர் விரலில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டதில்லை. வீடு வீடாகக் கம்பளம் விற்றுக்கொண்டிருந்தவர். ஒருநாள் இன்ஜின்களின் அழுகை காதில் விழுந்ததாம். அன்றிலிருந்து அவர் ஆசான். வேலை, இன்ஜினுக்குத் திருஷ்டி கழிப்பது.

இரண்டே நிபந்தனைகள். பானெட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் கண்ணேறு உள்ளே போய்க் குடியேறிவிடுமாம். இன்ஜினும் ஓடக் கூடாது.

"ஓடுற இன்ஜினைக் கழுதைகூடக் கேக்கும். தூங்குற இன்ஜின் பேசுறதைக் கேக்கணும். அதுதான் வித்தை" என்பார்.

மூடிய பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு தட்டில் தண்ணீர், அதில் ஆலிவ் எண்ணெய். விரலால் நடுவில் தொட்டதும் எண்ணெய் சிதறி ஓடும். சிதறினால் திருஷ்டி. ஒரு வண்டிக்காவது சிதறாமல் இருந்ததுண்டா என்று யாரும் கேட்கவில்லை. விரல் நுனியில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவியிருந்தால் எண்ணெய் வேறென்ன செய்யும், பாட்டா பாடும்?

கடைசியில் சிவப்பு ரிப்பன் கட்டிய எண்ணெய்ப் புட்டி ஒன்று தருவார். பணம் வைத்த உறை ஒன்று வாங்கிக்கொள்வார். "இதைப் பெட்ரோல் டாங்க்ல ஊத்தி, மலை மேல இருக்கிற மாதா கோயில் வரைக்கும் அழுத்தி ஓட்டிட்டு வா" என்பார். பல வண்டிகள் குணமாகிவிடும். பிறகென்ன, ஆசானுக்கு ஜே.

ஒரெஸ்தேயின் வண்டிக்குத்தான் குணமாகவில்லை. அவன் அப்பா விட்டுப்போன கருநீல வண்டி. புட்டி எண்ணெயைக் குடித்துவிட்டு மலையில் பாதி தூரம் ஏறி, ஆவி கக்கி நின்றுவிட்டது. ஒரெஸ்தே திரும்ப ஓடிவந்தான். ஆசான் தட்டை உற்றுப் பார்த்தார்.

"உன் வீட்டுல ஒரு பச்சைக் கண்ணு இருக்கே."

பாதி ஊருக்குப் பச்சைக் கண்தான். ஆனால் ஒரெஸ்தேக்கு மனைவி தில்வாவின் கண்தான் நினைவுக்கு வந்தது. அன்றிரவே படுக்கையை மாடிக்கு மாற்றினான்.

"கராஜ் பக்கம் வராத, தில்வா."

"ஏன்?"

"நீ பாத்தா அது நின்னுடுது."

"மலையில நின்னப்போ நான் அங்க இருந்தேனா?"

"கிளம்புறப்போ ஜன்னல்லேருந்து பாத்தியே. அது போதுமாம்."

"ஜன்னல்லேருந்து பாத்தா வண்டி நிக்கும்னா, இந்தத் தெருவுல ஒரு வண்டி ஓடாது."

"கேலி பண்ணாத. திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறேன். நாம பிரிஞ்சுடலாம்."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். இங்கே கண் பட்டது வண்டியில். கல் விழுந்ததோ தில்வாவின் தலையில். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன், ஒரு தட்டுத் தண்ணீரை நம்பி அவளைப் பேயாக்கிவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

தில்வா சீஸ் கிடங்கு வைத்திருப்பவள். நாற்பது கிலோ உருளைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பாள். உள்ளே விரிசலா, ஓட்டையா என்று சத்தம் சொல்லிவிடும். வாங்க வருகிறவன் நம்பவில்லையென்றால் அங்கேயே வெட்டிக் காட்டுவாள். தட்டிக் கேட்கிற தொழில் அவளுக்கும் தெரியும். வெட்டிப் பார்க்காதே என்று சொல்கிற தொழில்தான் அவளுக்குப் புதிது.

தம்பி வால்தெரைத் தேடிப் போனாள். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவன். அவன் மேசையில் ஒரு பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் பிரித்துப் பரப்பிக் கிடந்தது.

"மச்சான் ரேடியேட்டரை எப்பவாச்சும் கழுவினாரா?" என்று கேட்டான்.

"தொட விடமாட்டான். அப்பா காலத்துத் தண்ணியாம்."

"அதான் விஷயம். உள்ள சேறு அடைச்சிருக்கும். ஏத்தத்துல கொதிக்காம என்ன பண்ணும்?"

"அப்போ மத்தவங்க வண்டி மட்டும் எப்படிடா குணமாவுது?"

"இது தூர தேசத்துக்கு அழுத்தி ஓட்டச் செஞ்ச வண்டி, அக்கா. இவங்க வருஷம் முழுக்கப் போர்வை போட்டு மூடுறாங்க. மனசு வந்தா காபி குடிக்கப் பக்கத்துத் தெருவரைக்கும் எடுக்கிறாங்க. இன்ஜின் சூடேறுறதே இல்ல. பிளக்கெல்லாம் கரி. மலையில அழுத்தி ஓட்டினா கரி எரிஞ்சுடும். அதைச் செஞ்சது ஆசான் இல்ல, மலை. ரேடியேட்டர் அடைச்ச வண்டிதான் நடுவழியில நிக்கும். அதுங்களுக்குத்தான் பச்சைக் கண்ணுக்காரி தேவைப்படுது."

தில்வா மூலையில் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தாள். இன்ஜின் மேசையில் கிடந்ததால் முன்பக்கம் எடையில்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இதை ஞாயித்துக்கிழமை ஆசான்கிட்ட கொண்டுபோவியா?"

"இன்ஜினே இல்லியேக்கா. முன்னாடி தூக்கிட்டு நிக்கிறதைப் பாத்தாலே தெரிஞ்சுடுமே."

"கனத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றாள் தில்வா.

ஞாயிற்றுக்கிழமை வால்தெரின் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் அடக்கமாகப் பணிந்திருந்தது. தன் வண்டியோடு மறுமுறை திருஷ்டி கழிக்க வந்திருந்த ஒரெஸ்தே கூட்டத்தில் நின்றான். பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட தில்வாவை அவன் கவனிக்கவில்லை.

ஆசான் பானெட்டில் காதை வைத்தார். முகம் வாடியது.

"பாவம், அழுவுது. ஏழாவது சிலிண்டர்ல வேதனை. கேம்ஷாப்ட் ரெண்டும் கோவிச்சுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு பேசல. இது ஒரு பொம்பளையோட பொறாமை."

கூட்டம் பெருமூச்சு விட்டது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னிரண்டு சிலிண்டரும் கேக்குதா ஆசானே?" என்றான் வால்தெர் பணிவாக.

"பன்னிரண்டும் கேக்குது தம்பி. பெத்த தாய்க்குப் பிள்ளைங்க குரல் தெரியாதா?"

தில்வா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரெஸ்தே ஓரடி பின்வாங்கினான்.

"திறந்து பாத்துடலாமா?"

"வேணாம்மா. கண்ணேறு உள்ள போயிடும்."

"போகட்டும். என் கண்ணுதான் ஏற்கெனவே கெட்ட பேரு வாங்கிடுச்சே."

ஜன்னல் வழியே கைவிட்டு நெம்புகோலை இழுத்து, பானெட்டைத் தூக்கினாள்.

உள்ளே சிலிண்டரும் இல்லை, கேம்ஷாப்டும் இல்லை. கயிறு போட்டுக் கட்டிய சீஸ் உருளைகள், பொன்னிறத்தில், நல்ல மணத்தோடு உட்கார்ந்திருந்தன.

 தில்வா இடுப்பிலிருந்த சுத்தியலை எடுத்து ஒரு உருளையைத் தட்டினாள்.

"ஏழாவது சிலிண்டர் எது ஆசானே? நானும் கேக்கிறேன், அழக் காணோமே."

"இன்ஜினோட ஆவி… அது இருந்த இடத்துல…" என்று ஆரம்பித்தார் ஆசான்.

"அப்போ சீஸுக்குத் திருஷ்டியா?" என்று பல் மருத்துவர் உண்மையாகவே கேட்டார். சிலருக்கு வெளிச்சம் வர நேரமாகும்.

முதலில் சிரித்தவர் நீதிபதி. பிறகு முற்றமே சிரித்தது. அதன்பின் உறை கொடுத்தவர்களுக்கு உறை ஞாபகம் வந்தது. ஆசான் கொல்லைப்புறமாக வெளியேறினார். தூங்கும் இன்ஜினைக் கேட்டவருக்கு விழித்துக்கொண்ட கூட்டத்தின் சத்தம் பிடிக்கவில்லை போலும்.

ஒரெஸ்தே தலை குனிந்து வந்தான்.

"தில்வா, நான் வந்து…"

"முதல்ல ரேடியேட்டரைக் கழட்டு."

கழற்றினான். அப்பா காலத்துத் தண்ணீர் சேற்றுக் குழம்பாக அவன் காலணி மேல் கொட்டியது.

"பாத்துக்கோ. இதுதான் என் பச்சைக் கண்ணு" என்றாள் தில்வா. பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நான் தட்டிப் பாத்து நல்ல சீஸுன்னு சொன்னா, வெட்டிக் காட்டுன்னு கேக்குறவங்கதானே நீங்கல்லாம்? சீஸுக்குக் கேக்குற சாட்சிய, பொண்டாட்டி மேல பழி விழுந்தப்போ ஒருத்தனுக்கும் கேக்கத் தோணல. இனிமே எவனாவது திறக்காதன்னு சொன்னா, முதல்ல அதைத் திறங்க. அதுக்கு முந்தி அவங்கவங்க மண்டையத் திறங்க. அதுவும் ரொம்ப நாளா போர்வை போட்டுத்தான் கிடக்கு."