புள்ளிப் பூனையை வாங்க ஆள் வந்திருக்கிறது

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம். திரைச்சீலைகள் நலமில்லை. உன் இடுப்பெலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக டாக்டர் சொன்னார், சந்தோஷம். ஆனால் உனக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற பெண் நேற்றுக் கடைக்கே போன் பண்ணி, "சார், உங்க அக்கா காலைத் தரையில வைக்கவே மாட்டேங்கறாங்க. 'இனிமே நடந்து நான் எங்க போகப்போறேன்'னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாங்க" என்றாள். போனில் கேட்டால் நீ பட்டென்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் கிழித்துப் போட்டாலும் பொறுக்கிப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

எங்கே போவதா? உன் பெங்கால் பூனையிடம் போ. "அது பாட்டுக்கு இருக்கும்டா, ஒரு தொந்தரவும் கிடையாது" என்று என் தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாயே, அது ஒரு நிமிஷமாவது அது பாட்டுக்கு இருந்து நீ பார்த்திருக்கிறாயா? காட்டில் திரிகிற சிறுத்தைப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் பிறந்த வம்சம், நாலு தலைமுறை தள்ளி வந்ததால் பரம சாது என்று சான்றிதழ் வேறு காட்டினாய். கலப்புச் சரக்கைக் கலப்பு என்று எழுதிக் கொடுத்தே கூடுதல் விலைக்கு விற்றவன் என்னைவிடப் பெரிய வியாபாரி, அவனைக் கும்பிட வேண்டும், அது கிடக்கட்டும், அந்தப் பரம சாது முதல் நாளே பீரோ மேல் ஏறி, திரைச்சீலை வழியாக இறங்கி, குளியலறைக் குழாயைக் காலால் தட்டித் திறந்து அதற்கடியில் உட்கார்ந்துகொண்டது. பூனை தண்ணீருக்குப் பயப்படும் என்று நம்பியிருந்த என் வீட்டுக்காரி, "உங்க குடும்பத்துல ஒருத்தராவது சொன்ன பேச்சைக் கேப்பீங்களா?" என்று என்னைத் திட்டினாள். வாரம் ஒருமுறை சீவினால் போதும் என்றாய், சீப்பைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. தினமும் விளையாட்டுக் காட்ட வேண்டும் என்றாய், கயிற்றில் இறகைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

வீட்டில் விட முடியாமல் என் குழாய்க் கடைக்குக் கொண்டுபோனேன். மாதிரிக்கு வைத்திருந்த குழாயை அங்கேயும் திறந்தது. ஒரு அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, பூனை தொறந்துச்சே, அந்தக் குழாயையே குடுங்க. எங்க மாமியாருக்கு விரல் மடங்காது" என்றார். சரி, சம்பளமில்லாத ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். ஆனால் நரைத்த தலையோடு யார் படியேறினாலும் ஓடிப்போய் முகர்ந்து பார்க்கிறது, நீ இல்லை என்றதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறது. வருகிறவர்களை இப்படி வரவேற்றால் வியாபாரம் உருப்படுமா?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வீடு கட்டித் தருகிற கான்ட்ராக்டர் ஒருவர் "அண்ணே, எனக்குக் குடுத்துடுங்க, ராஜா மாதிரி வெச்சுக்கறேன்" என்று நச்சரிக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நீ உன் காலால் நடந்து வந்து கூட்டிப்போகாவிட்டால் கொடுத்துவிடுவேன். நான் சொன்னால் சொன்னதுதான், கடைவீதியில் யாரை வேண்டுமானாலும் கேள்.

உன் பாதங்களுக்கு என் வணக்கம். இரண்டுக்கும்தான், முக்கியமாக நீ கீழே வைக்காமல் இருக்கிற பாதத்துக்கு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கான்ட்ராக்டர் கூடையோடு வந்து நின்றார். பூனைக்குச் சொறி, ஆளைக் கடிக்கும், மேலே இருப்பது புள்ளியே இல்லை சாயம் என்று அத்தனையும் என் வாயால் சொன்னேன். என் கடையில் இருக்கிற ஒன்றை நானே மட்டம் தட்டியது இதுதான் முதல் தடவை. மனிதர் பயந்து கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமை என்று எழுதியதை அடித்துவிடு அக்கா. இன்றைக்கு ஒரு அடி வை, முடிந்தால் நாளைக்கு இன்னொன்று. அதுவும் முடியவில்லையா, பரவாயில்லை, பூனையை அந்தக் கூடையில் வைத்து மூடி நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறேன். உள்ளே என்ன என்று வாசலில் கேட்டால் மாற்றுப் புடவை என்று சொல்லிக்கொள்வேன். நீ வாய்விட்டுச் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடாதே.