வேண்டாத தட்டு

அந்தத் தெருவில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். கடைகளில் எடைக்கல், தராசு, பொட்டலம் எல்லாவற்றையும் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் தன் கண்ணில் மண்ணைத் தூவிய கடைக்காரன் ஒருத்தனும் கிடையாது என்று அவர் சொல்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை ஒரு ப்ளூ-ரே பிளேயரும் ஒரு சண்டைப்படமும் வாங்கி வந்தார். புதிய மெஷினை ஹாலில் வைத்தார். பழைய டிவிடி பிளேயரைப் படுக்கையறைக்கு நாடு கடத்தினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு அறிவித்தார்.

"இன்னையிலேர்ந்து இந்த ஹால்ல பழசுக்கு இடமில்லை."

"சரிங்க. அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

தராசு அதைக் காதில் வாங்காமல் படப்பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். உள்ளே இரண்டு தட்டுகள். இடப்பக்கம் ப்ளூ-ரே. வலப்பக்கம் அதே படம், அதே நடிகர், அதே முறைப்பு. ஆனால் டிவிடி.

"இங்க பாரு இந்த அநியாயத்தை. ஒரு படம், ரெண்டு தட்டு."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? புது மெஷின் வச்சிருக்கவனுக்குப் பழைய தட்டு எதுக்கு? பழைய மெஷின் வச்சிருக்கவனுக்குப் புதுத் தட்டு எதுக்கு? யார் வாங்கினாலும் பாதி வீண். செருப்புக் கடையில எட்டாம் நம்பர் கேட்டா, கூடவே ஆறாம் நம்பரையும் கட்டித் தலையில கட்டுவானா?"

"ஆறாம் நம்பர் எனக்குச் சரியா இருக்கும்."

"நான் நியாயத்தைப் பேசிட்டிருக்கேன்."

"நானும் அதைத்தாங்க பேசறேன். சேர்த்துக் கட்டினா சேர்த்துத்தான் வாங்கிக்கணும். உங்களைக் கட்டிக்கிட்டப்போ கூடவே உங்க தம்பியையும் குடுத்தாங்க. எட்டு வருஷம் வடிச்சுக் கொட்டினேன். பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டேனா?"

தராசு அந்தப் பேச்சை வளர்க்க விரும்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் மேஜைமேல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தராசு டிவிடியை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியை வைப்பதுபோல் அவர் முன்னால் வைத்தார்.

"இதை நான் கேக்கலை. எடுத்துக்கிட்டு அதுக்கான காசைக் குடுங்க."

"அது இலவசம் சார்."

"நான் நேத்துப் பொறந்தவன் இல்லை. இதை எடுத்துட்டா பெட்டி விலை குறையுமா குறையாதா?"

"குறையாது சார்."

"பாத்தீங்களா?"

"அதனாலதான் சார் இலவசம்ங்கறேன். காசு வாங்கியிருந்தா குறைஞ்சிருக்குமே."

தராசுக்கு ஒரு கணம் தலை சுற்றியது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியும் சார். எடை குறைஞ்சா நீங்க வந்து கேக்கலாம். இங்க கூடல்ல இருக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் சந்தித்ததில்லை. குறைவுக்குத்தான் அவர் கையில் விதி இருந்தது. அதிகத்துக்கு இல்லை. டிவிடியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். முகம் சுட்ட செங்கல் மாதிரி இருந்தது.

மனைவி தண்ணீர் கொடுத்தாள். முழுக் கதையையும் கேட்டாள். பிறகு அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்.

"நீங்க சொல்றதுதாங்க சரி."

தராசு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை விடக்கூடாது. கம்பெனிக்கே எழுதுங்க. ஆனா ஒரு பெட்டியை வச்சு எழுதினா, கைதவறி விழுந்திருச்சும்பான். நீங்க கடையில சோதனை போட்டா எத்தனை பொட்டலம் எடுப்பீங்க?"

"ஆறு. ஆறுக்குக் குறைஞ்சா அது சோதனையே இல்லை."

"ஒண்ணு இருக்கு. இன்னும் அஞ்சு வேணுமே" என்றவள், எங்கிருந்தோ ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். ஐந்து படங்களின் பெயர்கள். நாலு கல்யாணப் படம், ஒரு அழுகைப் படம். போன வருஷமெல்லாம் அவள் கேட்டு, அவர் வாங்க மறுத்தவை.

"இதுல ஒண்ணுகூட சண்டைப்படம் இல்லையே?"

"சண்டைப்படமாவே எடுத்தா, சண்டைப்படத்துல மட்டும்தான் அப்படின்னு தப்பிச்சிருவான். மாதிரி பலவிதமா இருக்க வேண்டாமா?"

தொழில் தர்மப்படி அது நூற்றுக்கு நூறு சரி. தராசு மறுபடி சட்டையை மாட்டினார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஆறு பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டுகள். "பார் இதை", "பார் இதையும்" என்று சொல்லிச் சொல்லி ஆறாவது பெட்டிக்கு வரும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோபத்தில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

"இந்த டிவிடியெல்லாம் சாட்சிப் பொருள். பத்திரமா இருக்கணும்."

"என்கிட்ட குடுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் மத்தியானம் படுக்கையறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மாடி வீட்டில் குடியிருக்கும் மனைவியின் அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மனைவி. பழைய பிளேயரில் சாட்சிப் பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன நடக்குது இங்க?"

"சோதனைங்க. உள்ள படம் முழுசா இருக்கான்னு பாக்க வேண்டாமா? பாதியில நின்னா அது தனிக் குத்தம். அதையும் சேர்த்து எழுதலாம்."

"நின்னுதா?"

"இதுவரைக்கும் இல்லை மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை பாத்தாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும்."

கம்பெனிக்குக் கடிதம் நாலு பக்கம் போயிற்று. அவர் நடந்துகொண்டே சொன்னார், அவள் முத்து முத்தாக எழுதினாள். 'வாடிக்கையாளனை முட்டாள் என்று நினைத்தீர்களா' என்ற வரி மூன்று இடத்தில் வந்தது. இரண்டை அவள் அடித்தாள். ஒன்று போதும், அவர்களுக்கே புரியும் என்றாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். வேண்டாத தட்டுகளைத் திருப்பி அனுப்பினால், அவற்றின் மதிப்புக்கு ஈடாகக் கேட்கும் படங்களை அனுப்பிவைப்பதாக எழுதியிருந்தார்கள்.

தராசு அந்தக் கடிதத்தைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். டிவிடி பிளேயரே இல்லாத ஒருவருக்கு இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் ஷூவோடு நின்றார்.

"பார்சலை இன்னைக்கே அனுப்பிரு."

"கட்டியாச்சு. கூட ஒரு கடுதாசி வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க" என்று அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் சுவரில் வைத்துப் போட்டார்.

பத்து நாளில் பதில் பார்சல் வந்தது. தராசு தானே பிரித்தார். ஒன்பது படங்கள். ஒன்பதும் டிவிடி. ஒன்பதும் கல்யாணம்.

ஆறு பழைய தட்டுக்கு ஒன்பது படம் என்பது கணக்கில் இடித்தது. அலமாரிக்கு ஓடினார். ஆறு பெட்டிகளையும் திறந்து பார்த்தார். வலப்பக்கம் டிவிடி பத்திரமாக இருந்தது. இடப்பக்கம் வழவழவென்று காலி.

"என் ப்ளூ-ரே எங்க?"

"அனுப்பிட்டேனே."

"பழசைத்தானே அனுப்பச் சொன்னேன்?"

"வேண்டாததை அனுப்பச் சொல்லித்தாங்க எழுதியிருந்தாங்க. எது வேண்டாததுன்னு நிதானமா யோசிச்சேன். புதுசு உங்க மெஷின்ல மட்டும்தான் ஓடும். பழசு என் மெஷின்ல ஓடும், அக்கா மெஷின்ல ஓடும், உங்க மெஷின்லயும் ஓடும். போட்டுப் பாத்துட்டேன். மூணு இடத்துல ஓடறதைக் குடுத்துட்டு ஒரு இடத்துல ஓடறதை யாராவது வச்சுப்பாங்களா? அதுவுமில்லாம புதுசுக்கு மதிப்பு ஜாஸ்தி. பழசை அனுப்பியிருந்தா ஆறு படத்துக்கு மேல வந்திருக்காது."

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

அவள் ஒரு நகலை எடுத்து நீட்டினாள். 'எனக்கு வேண்டாத ஆறு ப்ளூ-ரே தட்டுகளை இத்துடன் அனுப்பியுள்ளேன்.' கீழே அவர் கையெழுத்து, சுவரின் சொரசொரப்போடு.

பொட்டலத்தின் அடியில் கடுகு அளவில் அச்சடித்ததையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் மனிதர் அந்த ஒரு வரியை இப்போதுதான் படித்தார். கடைசியில் நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை நான் விடப் போறதில்லை. கம்பெனிக்கு இன்னொரு கடுதாசி எழுதணும்."

"எழுதிரலாம்ங்க" என்று அவள் பேனாவைத் திறந்தாள். "போடறதுக்குத்தான் புதுத் தட்டே இல்லையே, அந்தப் புது மெஷினையும் திருப்பி எடுத்துப்பாங்களான்னு சேர்த்துக் கேட்டுரட்டுமா?"