ராயபுரம் கச்சேரியை நான் பதிவு செய்த கதை

டேப்பில் தங்கள் குரலைக் கேட்டவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் "இது என் குரலே இல்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வாழ்வார்கள். இன்னொரு வகையினருக்கு அந்த வசதி கிடையாது, ஏனென்றால் அறையில் சாட்சிகள் இருப்பார்கள். நான் இரண்டாவது வகை. என் சாட்சிகள் யார் யார் என்றால் வருங்கால மாமனார், வருங்கால மாமியார், கதவோரம் நின்ற வருங்கால மனைவி, போதாததற்குக் காசிமேட்டில் மீன் விற்கும் தேசம்மா அக்கா.

முதலில் 'ஃபர்ஸ்ட் ஷிப்ட்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பாட்டுக் குழு. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் பார்த்த சில தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கு வெளியே வருவார்கள், மாலை முழுக்கச் சும்மா இருப்பார்கள் என்பதுதான் குழு உருவான ஒரே காரணம். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சினிமாப் பாட்டுகளோடு சொந்தமாகக் கட்டிய பாட்டுகளையும் பாடுவார்கள். எண்ணூர் பஸ் நெரிசல், கேண்டீன் சாம்பார், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி என்று எங்களுக்குத் தெரிந்த விஷயங்களைத் தவிர வேறு எதையும் பாடியதில்லை. பாடகர் பெயர் ஏழுமலை. தண்டையார்ப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அவர் பாடாத திருவிழா இல்லை.

அப்புறம் ஒரு நாள் நிர்வாகம் அவர்களை மூன்று ஷிப்டிலும் பிரித்துப் போட்டது. டிரம்ஸ்காரர் தூங்கும்போது ஏழுமலை விழித்திருந்தார், ஏழுமலை தூங்கும்போது கீபோர்டுக்காரர் மிஷின் ஓட்டினார். குழு சண்டையில்லாமல், சத்தமில்லாமல் கலைந்தது. பல வருடம் கழித்துத் தொழிற்சாலையே மூடியது. அந்தத் துக்கத்தில் நடந்த ஒரே நல்லது, எல்லோருக்கும் மாலை நேரம் மறுபடி ஒன்றாகக் கிடைத்ததுதான். குழு திரும்பச் சேர்ந்தது. இரண்டு கச்சேரிகள் அறிவித்தார்கள். முதலாவது திருவொற்றியூரில், அடுத்தது இரண்டு மாதம் கழித்து ராயபுரத்தில்.

செல்போன் வைத்திருப்பவரை நின்று திரும்பிப் பார்த்த காலம் அது. நான் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஓர் ஆபீசில் வேலை பார்த்தேன். திருவொற்றியூர் கச்சேரியன்று பார்த்து ஒரு கப்பல் வந்து நின்றது. நான் தாள்களில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தபோது ஏழுமலை அங்கே பாடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் டோல்கேட் டீக்கடைக்குப் போகவே முடியவில்லை. அங்கேதான் ரசிகர்கள் கூடுவோம். எல்லோரும் திருவொற்றியூர் கச்சேரியைப் பற்றியே பேசினார்கள். அதிலும் முக்கியமாகத் தணிகாசலம் பேசினார். அவர் அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், ஏழுமலைக்குத் தோழர். அதைவிட முக்கியம், அவருடைய மகள் கஸ்தூரியை எனக்குப் பேசி முடித்துப் பூ வைத்தாகியிருந்தது. நிச்சயதார்த்தம்தான் பாக்கி.

"நீ வந்திருக்கணும் மாப்ள," என்பார். "அந்த மாரி கச்சேரி இனிமே நடக்காது. நீ இன்னா ஸ்டாம்ப் குத்திகினு இருந்த?"

மாப்பிள்ளை ஆகப்போகிறவன் இப்படி ஒவ்வொரு வாரமும் தலையைக் குனிந்துகொண்டு டீ குடிப்பது நல்லதல்ல என்று தோன்றியது. ராயபுரம் கச்சேரியைப் பதிவு செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். கேசட்டைக் கொண்டுபோய் மாமனார் கையில் கொடுத்தால் திருவொற்றியூர் பேச்சு அத்தோடு அடங்கும். (எனக்கு அப்போது வந்த யோசனைகளில் இதுதான் சிறந்தது. மற்றவற்றை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

ஆபீஸ் நண்பரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கினேன். என் தோஸ்து அன்புவைக் கூட்டிக்கொண்டு சாயங்காலமே போய் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். மாமனார் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பெண்கள் பக்கம் தேசம்மா அக்கா காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நான் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அதன் மைக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அது மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் தாடைக்கு நேராக இருந்தது தெரிந்திருக்கும்.

கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றும் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். ஏழுமலைக்கு முன்மண்டை வழுக்கையாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. 'கடைசி பஸ்' என்ற அவர்களுடைய மெதுவான பாட்டு வந்தது. "டோல்கேட் தாண்டிப் போற பஸ்ஸே, என் தூக்கத்தையும் ஏத்திகினு போ" என்று தொடங்கும். நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில், ஏழுமலை சட்டென்று நிறுத்தினார். வாத்தியங்கள் மட்டும் ஓடின. அவர் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். என்னையே பார்த்தார். ஒரு கையை என்னை நோக்கி உயர்த்தினார். உதடுகள் அசைந்தன. இருந்த பரவசத்தில் சொற்கள் என் காதில் ஏறவில்லை. பிறகு நிமிர்ந்து பாட்டைத் தொடர்ந்தார்.

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து ரசிகனின் முகத்தைப் பார்த்ததும் மனிதர் கலங்கிவிட்டார், வாய்விட்டு ஆசீர்வாதம் செய்தார் என்று புரிந்துகொண்டேன். இந்த மகத்தான தருணத்தில் அன்பு பஜ்ஜி வாங்கப் போயிருந்தான்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் பேச்செல்லாம் அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான்.

"வரி மறந்துட்டான்," என்றார் தணிகாசலம். "திருவொத்தியூர்ல ஒரு எடத்துலகூட மறக்கல. அத்தொட்டுதான் சொல்றேன், மொதோ கச்சேரிதான் கச்சேரி."

தேசம்மா அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "மறக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல நைனா. பல்செட்டு மாட்டிகினு கீறாரு. அது கழண்டுகிச்சு. குனிஞ்சு சரி பண்ணிகினு பாடனாரு. நான் பாத்துகினுதானே இருந்தேன்," என்றார்.

நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. "மாமா, அவர் அழுதாரு," என்றேன். "என்னைப் பார்த்துதான் அழுதாரு. கைய தூக்கி ஆசீர்வாதம் பண்ணாரு."

டீ மாஸ்டர்கூட என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அழுதானா? ஏழுமலையா? கம்பெனி மூடன அன்னிக்கே அழாதவன் உன்ன பாத்தா அழுவான்?"

"டேப்ல இருக்கு மாமா. முழுக்க ரெக்கார்டு பண்ணிட்டேன்."

"அப்போ பேஜாரே இல்ல. இன்னிக்கி மதியானம் டேப்ப எட்த்துகினு வூட்டாண்ட வா. கேட்டுத் தீத்துக்கலாம். தேசம்மா, நீயும் வா."

அந்தக் கேசட்டை நான் ஒரு முறைகூடப் போட்டுக் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரவல் பெட்டியை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெட்டிக்கோ கேசட்டின் நாடாவை உருவிச் சப்பும் பழக்கம் உண்டு. அதனால் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மதியம் திருவொற்றியூரில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமியார் காபி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கஸ்தூரி உள்கதவில் சாய்ந்து நின்றாள். மாமனார் கேசட்டைப் போட்டார். கரகரவென்று ஒரு சத்தம். தூரத்தில், பக்கத்துத் தெருவில் நடப்பது போலக் கச்சேரி. மிக அருகில், காதுக்குள் நுழைந்துவிடுவது போல, ஓர் ஆண் குரல் பாடியது.

பாடியது என்பது மரியாதைக்காக. தகரத்தைத் தரையில் இழுத்தால் அதற்கு ஒரு சுருதி உண்டு. இதற்கு அதுவும் இல்லை. ஏழுமலை ஒரு வரியை முடிப்பதற்குள் இந்தக் குரல் அடுத்த வரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

"யார்ரா இவன், குறுக்கால பூந்து கலீஜ் பண்றான்?" என்றார் மாமனார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

அவர் மேலே எதுவும் கேட்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. டேப்பில் அன்புவின் குரல் கேட்டது. "இன்னா மச்சி, மாமனார் வூட்ல கவனிப்பெல்லாம் எப்டி?"

நான் எழுந்து பெட்டியை அணைத்திருக்க வேண்டும். காபி டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமனாரா? தோ கீறாரு பாரு. எல்லாரும் தட்டி முட்ச்சப்பறம் தட்றாரு. மழ நின்னப்பறம் கொட விரிக்கிற மாரி," என்றது என் குரல். "மாமியார் காபிதான் மச்சி தாங்கல. வெந்நீர்ல கலர் கரைச்ச மாரி கீது."

மாமியார் முகத்தில் எதுவும் தெரியவில்லை. என்னிடம் வந்து, கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பாதிகூடக் குடித்திருக்கவில்லை. பூ வைத்தது, பத்திரிகைக்கு மாதிரி பார்த்தது எல்லாம் அந்த டம்ளரோடு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு?" என்றான் டேப்பில் அன்பு.

அடுத்த பாட்டுக்கு வாத்தியம் தொடங்கியது. "பொண்ணு இன்னாடா. அது சிரிச்சா எனுக்கு பேச்சு வர்ல. அன்னிக்கி பூ வெக்கச்சொல்ல என் பேரு கேட்டாங்க, அதக்கூட அம்மாதான் சொன்னாங்க."

நான் தரையைப் பார்த்தேன். கதவுப் பக்கம் பார்க்கிற தைரியம் இல்லை.

டேப் ஓடியது. 'கடைசி பஸ்' வந்தது. அதே குரல், அதே தகரம். பாதிப் பாட்டில் ஏழுமலை நின்றார். எல்லோரும் பெட்டியை நோக்கிக் குனிந்தோம். மைக்கில்லாத ஏழுமலையின் குரல், மிகப் பொறுமையாக, மிகத் தெளிவாகக் கேட்டது.

"தம்பி. தோ, டேப்பு வெச்சிகினு கீற தம்பி. நீ பாட்றியா, நான் பாடட்டா?"

உடனே என் குரல், அழுகையோடு: "வாழ்க தலைவா."

பாட்டு தொடர்ந்தது. தேசம்மா அக்காதான் முதலில் பேசினார். "பல்லு கழல்ல," என்றார்.

"வரியும் மறக்கல," என்றார் மாமனார்.

மூன்றாவது கட்சி என்ன சொல்கிறது என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது கட்சி கேசட் சுற்றிவந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தது.

மாமனார் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். கை தட்டும் இடத்துக்கு வந்து நிறுத்தினார். டேப்போடு சேர்ந்து தட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார், மறுபடி தட்டினார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மே, நான் லேட்டாவா தட்றேன்?" என்று கேட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"காபி பத்தியும் அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லிகீது," என்றார் மாமனார் சத்தமாக.

உள்ளே பாத்திரம் ஒன்று அழுத்தமாக வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இருவருக்கும் நடந்த பேச்சில் நான் இல்லவே இல்லை. முப்பது வருடத்துக் காபியும் கை தட்டலும் வெளியே வந்தன. தேசம்மா அக்கா வழக்கமாக மீன் வாங்க வருபவர்களின் சண்டையை விலக்குவது போல நடுவில் புகுந்து, "உடு நைனா, உடும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தடியில் கஸ்தூரி உள்ளேயிருந்து வேறு ஒரு டம்ளர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டீ. குனிந்தபோது அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். எனக்கு அப்போதும் பேச்சு வரவில்லை.

கிளம்பும்போது மாமனார் கேசட்டைத் தரவில்லை. "இது இங்கயே கெடக்கட்டும்," என்றார். "திருவொத்தியூர் கச்சேரிதான் ஒசத்தின்னு யாராச்சும் சாட்சி கேட்டா காட்டணும். அங்க நீ வர்ல, பாரு."

நிச்சயதார்த்தம் சொன்ன தேதியில் நடந்தது. கல்யாண வரவேற்புக்கு மாமனார் வேறு யாரையும் யோசிக்கவில்லை, ஃபர்ஸ்ட் ஷிப்ட்தான். நான் மணமேடையில் மாலையும் கழுத்துமாக வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் ஏழுமலை ஆசீர்வாதம் செய்ய மேடையேறினார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உன்ன எங்கியோ பாத்த மாரி கீதே தம்பி," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கஸ்தூரி சொன்னாள். மணப்பெண் மேடையில் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"பாத்திருப்பீங்களோ இன்னாவோ மாமா. நல்லா கேட்டிருப்பீங்க."