சின்னத்தம்பி அடித்திருப்பார்

ரங்கூன் பொட்டட்டாங் துறைத் தமிழர் தேகாப்பியாச அபிவிருத்தி சபை எந்த விஷயத்திலும் உலகத்துக்குப் பின்தங்கியதில்லை. கல்கத்தாவில் டென்னிஸ் வந்தது என்று கேள்விப்பட்டதும் டென்னிஸ் மட்டை வாங்கியது. பந்து வாங்குவது பற்றி ஓர் உபகமிட்டி இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, மேல் பர்மா எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன பழைய பத்திரிகை சபைத் தலைவர் ராஜரத்தினத்தின் கைக்கு வந்தபோது, அவர் அதைப் பொறுப்போடு படித்தார். அதில் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் காலத்து பேஸ்பால் சூரர்கள் இந்தக் காலத்துப் பந்தெறிக்கு முன்னால் நிற்பார்களா?

ராஜரத்தினத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அரிசி மில்லில் தலைமைக் குமாஸ்தா அவர். "அமெரிக்காவில் கேட்கிற கேள்வியை ரங்கூனில் ஒருவரும் கேட்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால், நம் சமூகம் முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்?" என்று சபையைக் கூட்டிக் கேட்டார். எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

நல்லவேளையாக, சபையிடம் அந்தக் காலத்துச் சூரர் ஒருவர் கைவசம் இருந்தார். அவர்தான் சின்னத்தம்பி.

மகாராணி காலத்தில் அரிசி ஏற்ற வந்த அமெரிக்கக் கப்பல் ஒன்றின் மாலுமிகள், எதிர்த்து விளையாட ஆள் கிடைக்காமல், துறையில் மூட்டை தூக்கியவர்களைப் பிடித்து நிறுத்தினார்கள். சின்னத்தம்பி கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். வருவது எதுவானாலும் அடி என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வந்தது, அடித்தார். பந்து அரிசிக் கிட்டங்கியைத் தாண்டி, ஆற்றில் வந்துகொண்டிருந்த த்வாண்டே ஊர்ப் பானைப் படகில், ஒரு பானைக்குள் போய் விழுந்தது. படகுக்காரர் சாயங்காலம்வரை கரையில் நின்று பர்மியில் சின்னத்தம்பியின் முன்னோரை ஒவ்வொருவராகத் திட்டினார். அதையே எல்லோரும் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். சபை மைதானத்து ஓரத்தில் இருந்த தகரக்கூரை அறையைச் சின்னத்தம்பிக்கும் அவர் மனைவி பவுனம்மாளுக்கும் ஆயுசுக்கும் கொடுத்தார்கள். வாசலில் ஒரு கல்: ‘சின்னத்தம்பி பந்தை ஆற்றுக்குள் அடித்தார்.’

அந்த அறை இப்போது சபைக்கு வேண்டியிருந்தது. ஜப்பானிலிருந்து பேஸ்பால் தொப்பிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. மட்டை ஒன்று, பந்து ஒன்று, தொப்பி அறுநூறு. நெற்றிக்கு மேல் கூரை நீட்டிய தொப்பி இருந்தால் ரங்கூனில் அப்போது ஆட்டம் தெரிந்தவனாகவே மதித்தார்கள். பெண் கொடுக்கவும் முன்வந்தார்கள். அப்படிப்பட்ட தொப்பிகளை நனைய விட முடியுமா?

"சின்னத்தம்பி அவர்கள் தற்காலப் பந்தெறியை அடித்திருப்பாரா என்பது ஆராயப்படும். இல்லையென்றால், அறையைப் பற்றி உரியது செய்யப்படும்," என்றார் ராஜரத்தினம்.

உரியது என்ன என்று சின்னத்தம்பிக்குப் புரிந்தது. அறையை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

தற்காலப் பந்தெறி ஜாபரிடம் இருந்தது. மொகல் தெருவில் மாமாவின் கைலிக் கடையில் நிற்கிற பையன். கப்பலுக்குக் காத்திருந்த அதே அமெரிக்கரிடம், பாதி வழியில் மனசு மாறுகிற ஒரு பந்தைப் போடக் கற்றிருந்தான்.

"எதுக்குங்க இவ்வளவு? நான் போடுறேன், பெரியவர் அடிக்கட்டும். பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்," என்றான் ஜாபர்.

சபை அவனை இரக்கத்தோடு பார்த்தது.

"ஜாபர் பாய், கேள்வி அந்தக் காலத்து ஆளைப் பற்றியது. இவர் எந்தக் காலத்து ஆள்?" என்றார் ராஜரத்தினம்.

"இந்தா நிக்கிறாரே!"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நிற்கிறார். ஆகவே இந்தக் காலத்து ஆள். இவர் அடித்தாலும் செல்லாது, விட்டாலும் செல்லாது."

"ஐயா, அந்த ஆளும் நான்தானுங்களே," என்றார் சின்னத்தம்பி.

"அத்தாட்சி?"

"என் பேரு சின்னத்தம்பி."

காரியதரிசி மாரிச்சாமி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களைப் பார்த்தால் சின்னத்தம்பி என்று யாராவது சொல்வார்களா? அது அவருடைய பேர். உங்களிடம் தங்கிவிட்டது."

சின்னத்தம்பி தன்னை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்துச் சின்னத்தம்பிக்கு ஒரு பிரதிநிதி நியமிக்கப்பட்டார். தஞ்சாவூரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்து, வேலை தேடும் எண்ணம் இல்லாமல் இருந்த ராஜரத்தினத்தின் மைத்துனர்தான் அவர். வயது சரியாக இருந்தது. உடம்பை அந்தக் காலத்துக்குக் கொண்டுவர, மூட்டைதூக்கிகள் தின்ற நொய்க் கஞ்சியும் ஙப்பி என்கிற மீன் விழுதும் பவுனம்மாள் கையால் தினமும் தரப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. மைத்துனர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று வட்டில் சாப்பிட்டார்.

"உங்க பங்கையும் அவரே தின்னுட்டாரு," என்றாள் பவுனம்மாள்.

"நான் தின்னதாத்தான் கணக்காம்."

"வயிறு என்ன சொல்லுது?"

"வயிறு இந்தக் காலத்துது. அது சொல்றது செல்லாது."

சோதனை நாளன்று மைதானம் முழுக்கத் தொப்பிகள். மைத்துனர் மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றார். ஜாபர் மனசில்லாமல் பந்தைப் போட்டான். பந்து நேராக வந்தது, யோசித்தது, திரும்பியது. மைத்துனர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முழங்காலில் பந்து பட்ட சத்தம் கிட்டங்கிவரை கேட்டது.

சின்னத்தம்பி பார்த்தது முழங்காலை அல்ல. மூடிய கண்களை. அன்றைக்குத் தானும் அப்படித்தான் மூடினோம் என்பது இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்தது. கை அதிர்ந்தது, அது நிச்சயம். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் படகுக்காரரின் வசவு. நடுவில் என்ன நடந்தது?

சபை அங்கேயே கூடியது. ராஜரத்தினத்துக்குத் தர்மசங்கடம். அறை வேண்டும். ஆனால் மைத்துனர் தோற்றார் என்று எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

"அடி பட்டதா?" என்று கேட்டார்.

"பட்டது! ஐயோ!" என்று மைத்துனர் கத்தினார்.

"பலமாகவா?"

"அம்மா!"

"பலமாக என்று எழுதுங்கள், மாரிச்சாமி."

"ஐயா, அடி பட்டது அவருக்கு. பந்துக்கு இல்ல," என்றான் ஜாபர்.

"யாருக்குப் பட வேண்டும் என்று சபை முன்கூட்டி வரையறுக்கவில்லை, பாய்."

‘சின்னத்தம்பி அவர்கள் அடித்திருப்பார்’ என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் தொப்பியை வீசினார்கள். சின்னத்தம்பி வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

"அறை தப்பிச்சிட்டுது. நான் அடிச்சிருப்பேனாம்!"

பவுனம்மாள் வெங்காயத்தை உரித்தபடியே நிமிர்ந்தாள். "அடிச்சிருப்பீங்களா? அடிச்சீங்கல்ல?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எனக்கென்னவோ ஒண்ணாத் தோணல," என்றாள்.

அடுத்த கூட்டத்தில் மாரிச்சாமி எழுந்தார். மனசாட்சி உறுத்துவதாகச் சொன்னார். வாசல் கல்லில் ‘அடித்தார்’ என்று இருக்கிறது. தீர்மானத்தில் ‘அடித்திருப்பார்’ என்று இருக்கிறது. ஒரே மனிதரைப் பற்றி ஒரே சபை இரண்டு விதமாகப் பேசலாமா? பிந்தியதுதான் செல்லும் என்று முடிவாயிற்று. ஆள் வந்து கல்லைச் செதுக்கிவிட்டுப் போனான். ‘சின்னத்தம்பி பந்தை ஆற்றுக்குள் அடித்திருப்பார்.’

ராஜரத்தினம் கல்லின் முன் நின்று இரண்டு தரம் படித்தார். முகம் மலர்ந்தது.

"அப்படியானால் இது வெறும் ஊகம்தானே?"

"ஐயா, நான் அடிச்சேனுங்க!"

"நீங்கள் இல்லை, அவர். அவரும் அடித்திருப்பார், அவ்வளவுதான். ரங்கூனில் அடித்திருக்கக்கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அறை கொடுத்தால் சபை தாங்குமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்துவிடுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தொப்பிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, ராஜரத்தினமும் மாரிச்சாமியும் குடைக்குள் வந்தார்கள். வாசற்படியில் பவுனம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"காலி பண்ணியாச்சா அம்மா?" என்று மாரிச்சாமி கேட்டார்.

"பண்ணியிருப்போம்," என்றாள் பவுனம்மாள்.

"என்னது?"

"காலி பண்ணியிருப்போம்னு எழுதிக்குங்க. சபை அப்படித்தானே எழுதும்?"

மாரிச்சாமியின் கண் பளிச்சிட்டது. பிழையில்லாத வாக்கியம், முன்மாதிரியும் இருந்தது. ராஜரத்தினம் வாயைத் திறந்தார். அது செல்லாது என்றால் தீர்மானமும் செல்லாது, கல்லும் செல்லாது, மைத்துனரின் முழங்காலும் செல்லாது.

"சரி, காலி செய்திருப்பார்கள் என்றே எழுதுங்கள். தொப்பிகள்?"

"அறையில் வைக்கப்பட்டிருக்கும்," என்று எழுதினார் மாரிச்சாமி.

பெட்டிகள் வாதாமரத்தடியில் மழையில் நின்றன. ஜப்பான் சாயம் மழைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. நனைந்த தொப்பிகளைப் போட்டுக்கொண்டு, பொட்டட்டாங் தமிழர்கள் வெகுநாள் ஊதா நெற்றியோடு திரிந்தார்கள். அதுவும் ஒரு நாகரிகம் என்று ரங்கூனின் மறுகோடிவரை சிலர் நெற்றியில் ஊதா பூசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு சபையின் காரியங்கள் தடையில்லாமல் நடந்தன. ஓர் அமெரிக்கக் கப்பல் ஆட்டத்துக்கு அழைத்தபோது, ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று தீர்மானித்து, அந்த மாலையே வெற்றிவிழா கொண்டாடினார்கள். மாலுமிகள் மைதானத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்கள். மைதானத்தைப் பெரிதாக்கச் சர்க்கார் ஆபீசுக்கு விண்ணப்பம் போயிற்று. முன்னமே கேட்டிருந்தால் அனுமதி அளிக்கப்பட்டிருக்கும் என்று பதில் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் ஜாபர் வந்தான். மைதானத்தில் யாரும் இல்லை.

"பெரியவரே, ஒண்ணே ஒண்ணு போடவா? சும்மா, நமக்குள்ள."

சின்னத்தம்பி மட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றார். இந்தத் தடவை கண்ணை மூடுவதில்லை என்று இருந்தார். பந்து வருவதைப் பார்த்தார், திரும்புவதையும் பார்த்தார். மட்டையை வீசினார். பந்து அவரைத் தாண்டிப் போய்ச் சேற்றில் பொத்தென்று விழுந்தது.

"அடிக்கலை!" என்று சின்னத்தம்பி சிரித்தார். வெகுநாளைக்கப்புறம் அந்த மைதானத்தில் நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே காரியம் அது.

பவுனம்மாள் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அடிக்கலை, சரி. அன்னைக்காவது அடிச்சீங்களா?"

ஆற்றில் ஒரு பானைப் படகு வந்துகொண்டிருந்தது. சின்னத்தம்பி அது கரை சேரும்வரை அதையே பார்த்தார்.

"அடிச்சிருப்பேன்," என்றார்.