பொங்கக் கூடாத சுண்ணாம்பு

மரியாதைக்குரிய ரெய்னால்டோ அத்தானுக்கு,

எவரிஸ்டோ எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. கல்வி அலுவலகத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே என்னை மலைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்! உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை. அந்த உத்தரவை நீங்கள்தான் நிறுத்தவேண்டும்.

கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அமிலப் பாடம். கார்பனேட்டில் அமிலம் பட்டால் பொங்கும் என்று செய்துகாட்ட வேண்டும். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பூட்டைத் தவிர எதுவும் கிடையாது. அமிலத்தை நானே ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். பிள்ளைகள் முட்டை ஓடு, சிப்பி எல்லாம் கொண்டுவந்தார்கள். பொங்காத பொருளும் ஒன்று வேண்டுமே என்று, தோர்த்தியா ரொட்டிக்குச் சோளம் வேகவைக்கும்போது போடுகிற சுண்ணாம்பில் ஒரு பிடி கொண்டுவரும்படி நயேலி என்ற மாணவியிடம் சொல்லியிருந்தேன். "நல்ல நீற்றிய சுண்ணாம்பு பொங்காது, கார்பனேட்டான கல்மாவு கலந்தால்தான் பொங்கும்" என்று பெருமையாக விளக்கிவிட்டு ஊற்றினேன். பொங்கியது, அத்தான்! மேசையெல்லாம் வழிந்தது.

"சுண்ணாம்பு விக்கிறது ஊர்ல ஒரே மில்லுதானே சார், டோன்யா உர்சுலாம்மாவோட மாவு மில்லு!" என்று பின்பெஞ்சு கத்தியது. "அப்போ ஊரே கல்மாவுதான் தின்னுது" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் மில் வாசலில் கூட்டம், கூச்சல். டோன்யா உர்சுலா மில்லை இழுத்து மூடிவிட்டு, கையெல்லாம் மாவோடு நேரே வகுப்புக்குள் வந்தாள். "ஏன் வாத்தியாரே, காலையில என் மாவுல சுட்ட தோர்த்தியா எட்டு முழுங்கிட்டுத்தானே வந்தே? வயித்துல ஏன் பொங்கல?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவியும் அவள்தான். மூன்றாம் நாள் மனு, பத்தாம் நாள் உத்தரவு. மில் மூடியதால் மாவரைக்கப் பக்கத்து ஊருக்கு நடக்கிற பெண்களெல்லாம் என்னைத்தான் திட்டுகிறார்கள். என் மனைவியிடம் ஒருத்தியும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. கலப்படக்காரி ராணி, கண்டுபிடித்தவன் நாய். நியாயமா இது?

கன்னி மரியாள் உங்கள் வீட்டைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தங்கள்
எவரிஸ்டோ

பி.கு.: உறையை ஒட்டும்போது நயேலி அழுதுகொண்டே வந்தாள். "அன்னிக்கு வீட்ல சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு சார். வெறுங்கையோட வந்தா மார்க்கு போயிடும்னு செவுத்துல அடிச்சதைச் சுரண்டிக் கொண்டாந்தேன்." சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகிவிடும். அந்தப் பாடத்தையும் நான்தான் நடத்தினேன். பாவம் டோன்யா உர்சுலா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஊர் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். அதனால், அத்தான், உத்தரவை நிறுத்த வேண்டாம். திங்கட்கிழமை புறப்படும் முதல் பஸ்ஸிலேயே நான் போய்விடும்படி துரிதப்படுத்துங்கள்.