கடிகாரத்துக்குப் போட்ட வைக்கோல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். பாரிஸில், கொக்லிக்கோ சந்தில், கடிகாரக்காரர் அன்செல்ம் வீட்டில் நடந்தது இது.

அன்செல்ம் செய்த ஊசல் கடிகாரம் நட்சத்திரங்களைவிட ஒழுங்கானது. விடிவெள்ளி தாமதமாக முளைத்தால் அதை முறைத்துப் பார்க்கும். அன்று மதியம் வானாய்வுக்கூடத்துப் பெரியவர் சோதிக்க வருகிறார். தேறினால் கூடத்துச் சுவரில் ஏறும். அன்செல்மின் வாழ்நாள் ஆசை அதுதான்.

காலையில் பார்த்தால் அரை நொடி பின்தங்கியிருந்தது.

“அடுப்புச் சூடு. ஊசல் நீண்டுபோச்சு” என்று அடுப்பை அணைத்தார். உடனே ஒரு நொடி முந்திக்கொண்டது.

“ஏங்க, சூப்பு பாதி வேகலை!” என்று ஓடி வந்தாள் மனைவி க்ளோதில்.

“கிட்ட வராத! உன் மூச்சுச் சூட்டுக்கே ஊசல் நீளுது.”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் என் சூடு தெரிஞ்சுதாக்கும்!”

அவளை விரட்டியும் ஊசல் தடுமாறியது. “தெருவுல ஓடுற வண்டிங்கதான்! சுவரே அதிருது” என்று வாசல் முழுக்க வைக்கோலைப் பரப்பினார். சக்கரச் சத்தம் அடங்கியது. ஊசலும் அடங்கியது.

பாரிஸில் வாசலில் வைக்கோல் போட்டால், உள்ளே யாரோ சாகக் கிடக்கிறார் என்று பொருள். வண்டிச் சத்தமில்லாமல் அவர் நிம்மதியாகப் போகட்டும் என்பதற்காக. சற்று நேரத்தில் தெருவே வீட்டுக்குள் நின்றது.

“யாருக்கு, அன்செல்ம்?” என்று ரொட்டிக்கடைக்காரி மூக்கைச் சிந்தினாள்.

“யாருக்குமில்ல! கடிகாரத்துக்கு!”

“ஐயோ, இவருக்குத்தான். பிதற்ற ஆரம்பிச்சுட்டாரே!”

நாலு பேர் அவரைப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள். பங்குச் சாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயை நெற்றியில் பூசினார். “கடைசி ஆசை ஏதும் இருக்கா, மகனே?”

“எல்லாரும் வெளிய போங்க!”

“பாவம், அமைதி கேக்குறார்” என்று எல்லாரும் அங்கேயே முழங்காலிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். கூட்டத்தின் புழுக்கத்தில் கடிகாரம் மூன்று நொடி பின்தங்கியது.

அப்போது பெரியவரின் குதிரைவண்டி வைக்கோல்மேல் ஓசையில்லாமல் வந்து நின்றது. உள்ளே வந்தவர் தொப்பியைக் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அன்செல்ம் அவமானத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“செஞ்சவர் நாடி இறங்க இறங்க, இதுவும் இறங்குதே!” பெரியவர் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இதைவிடத் துல்லியம் உலகத்துல ஏது? இதுதான் எங்க கூடத்துக்கு வேணும். அம்மா... எப்ப முடியும்னு வைத்தியர் சொன்னாரா?”

க்ளோதில் கணவனைப் பார்த்தாள். கணவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து தலையாட்டினார்.

“சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும் ஐயா. வண்டிய அனுப்புங்க.”

வண்டி வந்தது, கடிகாரம் போனது. கூடத்துச் சுவரில் கம்பீரமாக ஏறியது. அன்செல்ம் ஒட்டுமீசையோடு, செத்தவரின் தம்பியாக, ஞாயிறுதோறும் போய் அதைப் பார்த்துவந்தார்.

சந்தேகமிருந்தால் கொக்லிக்கோ சந்துக்கே போய்ப் பாருங்கள். சந்தே அடியிலிருந்து உச்சிவரை குறுகலான படிக்கட்டுதான். இன்றுவரை ஒரு வண்டிகூட அதில் ஏறியதில்லை.